காற்றுக்குத் தைத்த பை

1

நான் தைத்த பன்னிரண்டு பைகளையும் போன வாரம் கழற்றிப் போட்டுவிட்டார்கள். சீமையிலிருந்து புதுப் பைகள் வந்துவிட்டன. எந்திரத்தில் தைத்தவை. தையல் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. என் பைகள் பட்டறைக்குப் பின்னால் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. துணிதானே, இதற்கு என்ன வருத்தம் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டு சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போனால், சோறு இறங்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

ராயபுரத்தில் பத்திரிகை நடத்தும் சினேகிதர் ஒருவர் இரண்டு வருஷமாக நச்சரிக்கிறார். “வெளிநாட்டைப் பற்றி எழுதுப்பா, நம்ம ஜனங்க ஆசையாப் படிப்பாங்க” என்று. அவர் ஒட்டகத்தையும் பேரீச்ச மரத்தையும் எதிர்பார்க்கிறார். என்னிடம் இருப்பது தூசி. வளைகுடாக் கரையில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் தூசி பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. ஊர் பெயரையும் கம்பெனி பெயரையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்னாலும் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தப் பை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியிலிருந்து எடுக்கிற கெட்டி எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் ஆக்க ஒரு வெள்ளைப் பவுடர் வேண்டும். பெண்கள் முகத்துக்குப் பூசுகிற பவுடரைவிட நைசு. காற்றோடு கலந்து விட்டால் குழாயில் தண்ணீர் மாதிரி ஓடும். எண்ணெயோடு ஓடித் திரும்பும்போது உடம்பெல்லாம் கரி அப்பிக்கொண்டு வரும். அந்தக் கரியை ஒரு பெரிய உலையில் எரித்துவிட்டு, அதே பவுடரை மறுபடி ஓட்டுவார்கள். எரிந்த புகை வெளியே போக வேண்டுமல்லவா? போகிற போக்கில் பவுடரையும் கூட்டிக்கொண்டு போகும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடு. முதலில் புகையைச் சுழற்றி விடுகிற இரும்புக் கூம்புகள். சுழற்சியில் பவுடர் சுவரில் மோதிக் கீழே விழும். தப்பியது ஒரு மின்சாரப் பெட்டிக்குள் போகும். அங்கே தகடுகளில் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல்கள் தட்டித் தட்டி உதிர்க்கும். அதற்கும் தப்பினால் ஆகாயம்தான்.

இது தவிர, பீப்பாயில் வரும் புதுப் பவுடரை ஊதி நிரப்பி வைக்க உயரமான ஒரு தொட்டி உண்டு. நிரப்பும்போது உள்ளே இருக்கிற காற்று உச்சி வழியாக வெளியேறும். அந்த வாயில்தான் துணிப்பைகள். காற்று போகலாம், பவுடர் போகக் கூடாது. அந்தப் பைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

2

எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சூசை. இங்கே யாருக்கும் அது தெரியாது. பம்பாயில் விண்ணப்பப் பாரம் எழுதிய குமாஸ்தா, குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைக் காட்டி என்ன போடட்டும் என்றான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முழித்தேன். அப்பா பெயர் அருளப்பன் என்றேன். அதைப் போட்டு மூடினான். அன்று முதல் நான் மிஸ்டர் அருளப்பன். அப்பா தவறி எட்டு வருஷம் ஆகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு இங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான்தான் “எஸ் சார்” என்கிறேன்.

அப்பா காசிமேட்டுக் கரையில் படகுகளுக்குப் பாய் தைத்தவர். நானும் உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு பத்து வருஷம் தைத்தேன். பிறகு துறைமுகத்தில் கொஞ்ச நாள். யுத்தம் முடிந்த மறு வருஷம் கப்பலேறினேன். என்னோடு அறையில் இருப்பவன் கோதண்டம், திருவொற்றியூர்க் கடலோரத்துக்காரன். கட்டுமரத்தில் வளர்ந்தவன், அதனால் இருநூறு அடி உயரத்தில் கயிறு கட்டித் தொங்குகிற வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் டோல்கேட்டுச் சந்தடி முழுவதும் அறைக்குள் வந்துவிடும். அவன் இல்லையென்றால் நான் இந்நேரம் தமிழ் பேசுவதையே மறந்திருப்பேன்.

தொட்டியடியில் காற்று வால்வு திறக்கிற யூசுப் இந்த ஊர்க்காரன். நாங்கள் பேசுவது பம்பாயில் பொறுக்கிய இந்துஸ்தானி. வந்த புதிதில் ஒரு நாள் சட்டை முழுவதும் பவுடர் கொட்ட, “ஒரே கலீஜ்!” என்றேன். யூசுப் கடல் பக்கம் கை நீட்டி, ஆமாம் ஆமாம், அழகாக இருக்கிறது என்றான். அவன் பாஷையில் அந்தச் சத்தத்துக்கு வளைகுடா என்று அர்த்தமாம். சிரித்தோம். அறைக்கு வந்ததும் இந்த வேடிக்கையை என் மனைவி பிலோமினாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல ஆளில்லை. கடிதத்தில் எழுதினால் சிரிப்பு வராது. இப்படிச் சேர்ந்துபோன சிரிப்புகளே ஆறு வருஷத்துக்கு உண்டு.

3

மூன்று வருஷம் முடிந்ததும் இரண்டு மாதம் லீவு கொடுத்தார்கள். ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். நான் புறப்படும்போது என் மகள் ரெஜினாவுக்கு மூன்று வயது. இப்போது ஆறு. வாசலில் என் மைத்துனன் சேவியரின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. பிலோமினாவும் குழந்தையும் அவன் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

“நைனா, யாரு இவுரு?” என்று சேவியரைக் கேட்டது.

பிலோமினாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “இன்னாடி பேசறே? உன் நைனா அவுருதாண்டி. ஃபோட்டோல காட்டல?” என்றாள்.

“ஃபோட்டோல கீறவரு அப்பா. இவுரு நைனா” என்றது குழந்தை சேவியரைக் காட்டி, கணக்குச் சரியாக ஒப்பிப்பதுபோல். சேவியர் என்னைப் பார்க்க முடியாமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஜுரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் அவன்தானே.

இரண்டு மாதமும் அவள் என் கைக்குச் சிக்கவில்லை. வாங்கி வந்த பொம்மையை வாங்கிக்கொண்டாள், என்னை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாள், திருவிழாவுக்கு வீட்டில் ஒட்டடை அடித்த அன்று, அவளுக்கு இழுப்பு வந்தது. அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. படுத்தால் மூச்சு முட்டும், நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும் என்றாள் பிலோமினா. மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட முடியாததால் இருந்தாள். அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் என் மகள் என்மேல் சாய்ந்திருந்தது அந்த ஒரு நாள்தான். அவள் நோகிற நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இவர்களை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பெண் எனக்கு இல்லை என்று அன்றுதான் முடிவு பண்ணினேன்.

4

குடும்பக் குடியிருப்பு என்று இரண்டு அறை வீடுகள் இங்கே ஒரு வரிசை இருக்கின்றன. இந்தியர்களுக்குப் பதினான்கு. மனுப் போட்டேன். கோயிலில் வாங்கிய கல்யாண சர்டிபிகேட்டை இணைத்தேன். ஆபீஸ் குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் மாப்பிள்ளை சூசை என்றிருக்கிறது. மிஸ்டர் அருளப்பன், நீங்கள் ஏன் சூசையின் மனைவியைக் கூட்டிவர ஆசைப்படுகிறீர்கள்?” என்று கேட்டான். விளக்கினேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த காகிதம் வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு வீடு கைமாறிப் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் தொட்டிப் பைகள் கிழிய ஆரம்பித்தன. மாற்றுப் பை சீமையிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பவுடர் நிரப்புகிற நாளில் உச்சியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, பக்கத்திலேயே இருக்கிற குடும்ப வீடுகளின் மேல் போய் இறங்கும். எங்கள் பிரிவுத் துரைக்கு யாரோ நான் பாய் தைக்கிறவன் மகன் என்று சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டார். “பை தைப்பாயா? அந்தப் புகை நின்றால் உன் மனுவில் நானே கையெழுத்துப் போடுகிறேன்” என்றார்.

அதே வாரம் பிலோமினாவிடமிருந்து கடிதம். “குழந்தைக்கு மாதம் இரண்டு தடவை இழுப்பு வருகிறது. தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாங்கள் இருக்கும் இடத்தில் தூசி உண்டா இல்லையா என்று நன்றாகப் பார்த்து எழுதவும். தாங்கள் எழுதுவதை நம்பித்தான் நான் குழந்தையைக் கப்பலேற்ற வேண்டும்.”

ஆகவே எனக்கு இரண்டு கதவுக்கும் ஒரே சாவி கிடைத்த மாதிரி இருந்தது. பையைச் சரியாகத் தைத்தால் வீடும் கிடைக்கும், வீட்டின்மேல் விழுகிற தூசியும் நிற்கும். கெட்டியான பருத்தித் துணி வாங்கிக் கொடுத்தார்கள். எட்டு நாள் தைத்தேன். அப்பா இருந்திருந்தால்கூடக் குறை சொல்லியிருக்க முடியாது, அப்படி ஒரு தையல். தைத்து முடித்ததும் என் புத்தி சும்மா இருக்கவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். பாய் தைத்து முடித்ததும் புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் கஞ்சி காய்ச்சி, அதில் முக்கி வெயிலில் காயப்போடுவோம். நெய்த கண்ணெல்லாம் அடைபட்டுத் துணி விறைத்துக்கொள்ளும். காற்றைச் சிந்தாமல் பிடிக்கும். கஞ்சி காட்டாத பாயை எந்தப் படகுக்காரனும் கையால் தொடமாட்டான். நான் சாப்பாட்டுக் கொட்டகையில் சமையல்காரரைக் கெஞ்சி, குழம்புக்குக் கரைத்த புளியின் கொட்டைகளை ஒரு வாரம் சேர்த்துவைத்து, கஞ்சி காய்ச்சிப் பன்னிரண்டு பையையும் முக்கினேன். கோதண்டம் வந்து பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, பையிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிகினு கீறே?”

“துணி பலமா இருக்கணும் இல்ல?” என்றேன். அவனும் கரைக்காரன்தான். “அதுவும் கரெக்ட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பைகளைப் பொருத்தினோம். யூசுப் வால்வைத் திறந்தான். பன்னிரண்டும் புடைத்துக்கொண்டு எழுந்தன. ஒரு துளிப் பவுடர் வெளியே வரவில்லை. துரை தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. காசிமேட்டில் பாய் விரிந்த காலை நேரம் மாதிரி இருந்தது. அந்த ஞாபகம் வந்த அதே நிமிஷத்தில்தான் என் தப்பு தெரிந்தது. பாய் காற்றைப் பிடித்து வைக்கத்தான் தைப்பது. இதுவோ காற்றை விடுவதற்கு.

“மூடு, மூடு!” என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். யூசுப்புக்கு என்ன புரியும்? உள்ளே அடைபட்ட காற்று பை வளையத்தின் மூட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அதற்கப்புறம் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. வெள்ளை அடங்கியபோது யூசுப் இமை கூட வெளுத்து உட்கார்ந்திருந்தான். துரை இருமிக்கொண்டே அவனைப் பார்த்து, காற்றை அதிகம் திறந்துவிட்டாயா என்று பாய்ந்தார். நான்தான் குறுக்கே போய், “அவன் மேல் தப்பில்லை சார், நான் துணிக்குக் கஞ்சி போட்டுவிட்டேன்” என்றேன். கஞ்சி என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அரிசிச் சோறு, தண்ணீர், பாய், புளி என்று கையாலும் வாயாலும் சொல்லச் சொல்ல, எனக்குச் சாப்பாட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். கடைசியில் ஒரு பையை வாங்கித் தட்டிப் பார்த்தார். டம்மென்று சத்தம் கேட்டது. சிரித்துவிட்டார்.

மறுபடி புதுத் துணி, மறுபடி எட்டு நாள். இந்தத் தடவை தண்ணீர்கூடக் காட்டவில்லை. முதல் நாள் கொஞ்சம் பவுடர் கசிந்தது, பதறிப்போய்த் தட்டி உதறினேன். மறுநாளும் கசிந்தது. உதறாமல் விட்டபோது தானாக நின்றது. துணியின் கண்ணில் முதலில் போய் உட்காருகிற தூசிதான் பின்னால் வருகிற தூசியைப் பிடிக்கிறது. அதையும் சுத்தம் பண்ணிவிட்டால் எல்லாம் ஒழுகும். இது அப்பாவுக்கும் தெரிந்திராத விஷயம்.

புகை நின்றது. துரை சொன்னபடி கையெழுத்துப் போட்டார். பதினோராம் நம்பர் வீடு எனக்கு. இருபத்தோரு நாளில் குடும்பம் வரும் தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீடு அடுத்தவருக்கு.

5

சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு சின்ன முற்றம், தண்ணீர்க் குழாய். குழாயைத் திறந்து மூடினேன். ஒன்றுமில்லாத அறையில் என் இருமல் பெரிதாகக் கேட்டது. எந்தச் சுவரில் மாதா படம், ரெஜினாவின் புத்தகம் எந்த மாடத்தில் என்றெல்லாம் இடம் பார்த்து வைத்தேன்.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒன்று செய்தேன். செய்திருக்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் குடை ஒன்று என்னிடம் உண்டு. மழையே பெய்யாத ஊருக்குக் குடையோடு வந்தவன் என்று கோதண்டம் இன்றுவரை கேலி பண்ணுவான். அதை விரித்து முற்றத்தில் வைத்துவிட்டு வந்தேன். காற்றில் மணல் விழாத மூன்று நாள் பார்த்து வைத்தேன். அந்த நாட்களில் தொட்டியும் நிரப்பவில்லை. நான்காம் நாள் போய்க் குடையில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு விழுந்தது.

விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தேன். மணல் என்றால் நறநறக்கும். இது வழுக்கியது. பெரிய புகைபோக்கியிலிருந்து வந்தது. கூம்புக்கும் மின்சாரப் பெட்டிக்கும் தப்பிய கடைசி நைசு. அதற்குப் பை தைக்க என்னால் ஆகாது. அந்தச் சூட்டில் துணி ஒரு நிமிஷம் தாங்காது.

கோதண்டத்திடம் விரலைக் காட்டினேன்.

“இத்துனூண்டு மாவுக்கா இந்த பேஜாரு? அந்த லைன்ல எட்டுக் கொயந்திங்க கீதுங்க, ஓடி ஆடிகினுதானே கீதுங்க? தூசி இல்லேனு எயுதிப் போடு அண்ணாத்தே.”

“அந்தப் பிள்ளைங்களுக்கு இழுப்பு இல்ல, கோதண்டம்.”

“தூசி எங்கதான் இல்ல, சொல்லு. கடைசில அல்லாரும் மூலக்கொத்தளம் சுடுகாடுதான். இருக்கறவரிக்கும் பொண்டாட்டி புள்ளையோட இருப்பியா, கொடைய வெச்சிகினு ஆராய்ச்சி பண்ணுவியா?”

மூன்று கடிதம் எழுதினேன். முதலில் தூசி இல்லை என்று எழுதினேன். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது ஞாபகத்துக்கு வந்து கிழித்தேன். அடுத்ததில் கொஞ்சம்போல இருக்கிறது, பயமில்லை என்று எழுதினேன். அவளுக்கு என்னைத் தெரியும், எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று அதையும் கிழித்தேன். மூன்றாவதில் குடையைப் பற்றி, கோட்டைப் பற்றி, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதித் தபாலில் போட்டேன். வாருங்கள் என்றும் எழுதவில்லை, வரவேண்டாம் என்றும் எழுதவில்லை. அவள் மேல் போட்டுவிட்டு நான் யோக்கியனாக உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நாள் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, பதில் இல்லை. இருபத்தோராம் நாள் ஆபீசுக்குப் போய் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். சட்டத்தில் இடமில்லை என்றான் குமாஸ்தா. தூசி என்று தெரிந்தபின் எந்தத் தாய் அழைத்துக்கொண்டு வருவாள், அதுதான் எழுதக் கை வராமல் இருக்கிறாள் என்று நானாகவே தீர்ப்பு எழுதிவிட்டேன். பாரத்தில், குடும்பம் வரவில்லை என்று எழுதி, அருளப்பன் என்று கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தேன். மறுநாளே பதினோராம் நம்பருக்குக் கொச்சிக்காரர் ஒருவரின் சாமான் போய் இறங்கியது.

6

அதற்கு நான்காம் நாள் பிலோமினாவின் கடிதம் வந்தது. என் கடிதம் பம்பாயில் எங்கேயோ தூங்கிவிட்டு அவளிடம் தாமதமாகப் போயிருக்கிறது. கான்வென்ட்டில் படித்தவள். எப்போதும் தாங்கள், தங்கள் என்று போட்டுத்தான் எழுதுவாள். இது அப்படி இல்லை. எதிரே நின்று பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள். ஒரு வரிகூட மாற்றாமல் தருகிறேன்.

“யோவ், தூசி கீதுன்னு எய்திக்கிறியே, பொய் எய்தத் தெரியாதாய்யா ஒனக்கு? நீ இல்லேன்னு எய்துவேன்னுதான் நான் நெனச்சிகினு இருந்தேன். பொட்டி கட்டி வெச்சிட்டேன். ஒன் கடுதாசியப் பாத்துட்டுச் சேவியரு போவக் கூடாதுன்றான். அவங்கிட்ட இன்னா சொல்லுவேன்? இங்க மட்டும் இன்னா, காத்து சுத்தமா கீதா? ஹார்பரு கரி தெனம் வந்து கொடில காயற துணிமேல வியுது. புள்ள அதுலதான் மூச்சு வுட்டுகினு கீது. அங்கியும் தூசி, இங்கியும் தூசி. அங்கன்னா புடிச்சிக்க நீ இருப்பேன்னு நெனச்சேன். நீ வரச் சொல்லி ஒரு வார்த்தை எய்தி இருந்தா, யாரு தடுத்தாலும் வந்துருப்பேன். இன்னமும் வரேன். வூடு கீதா, சொல்லு.

“ரெஜினா அவ வளத்த கோயிய எதிர் வூட்டு மேரிக்குக் குட்த்துட்டா. கப்பல்ல கோயிய ஏத்த மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். எங்கப்பாகிட்ட போறேன்னு தெரு பூரா சொல்லி வெச்சிட்டா. இப்ப கோயியத் திருப்பிக் கேக்க வெக்கமா கீதாம். இஸ்கூல் வுட்டு வந்ததும் மேரி வூட்டு வாசல்ல போய் நின்னு பாத்துட்டு வரா.”

இது வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மாதம் தவறாமல் வீட்டுக்குக் கடிதம் போடுகிறேன். இங்கே வெயில் அதிகம், உடம்பு சௌக்கியம், அடுத்த வீடு காலியானால் சொல்வதாகத் துரை சொல்லியிருக்கிறார் என்றெல்லாம் எழுதுகிறேன். அவளுடைய இந்தக் கடிதத்துக்கு மட்டும் நான் இன்னும் பதில் எழுதவில்லை.